பன்னிரண்டு படம் போதும் என்றிருந்தோமே!

'மலரும் நினைவுகள்' என்று செல்லமாகச் சொல்கிறோமே, அது ஒரு காலத்தில் டாக்டர்கள் வைத்தியம் பார்த்த வியாதி என்றால் நம்புவீர்களா? நிஜம்தான். 1688ஆம் வருஷம் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஜோகன்னஸ் ஹோஃபர் என்கிற மருத்துவ மாணவர், தன் ஆய்வேட்டில் அந்த வியாதிக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். வீடு திரும்புவதைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல், வலியைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல்... இரண்டையும் சேர்த்து அவராகவே உண்டாக்கிய பெயர். சொந்த ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது, உடம்பு தளர்ந்து போகிறது, நெஞ்சு படபடக்கிறது, எந்நேரமும் ஊர் ஞாபகம். இதற்கு அவர் கண்ட மருந்து ரொம்ப எளிது. ஆளை ஊருக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்!

இன்றைக்கு யாரும் அதை வியாதிப் பட்டியலில் வைப்பதில்லை. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டைன் செடிகிடிஸ் என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைப் பல வருஷங்களாக ஆராய்ந்திருக்கிறார்கள். பழசை நினைத்து உருகுவது தனிமை உணர்ச்சியைக் குறைக்கிறது, மனசுக்குத் தெம்பு கொடுக்கிறது, 'நமக்கும் நாலு பேர் இருக்கிறார்கள்' என்ற எண்ணத்தைத் தருகிறது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பழைய நினைப்பில் மூழ்குகிறவர்களைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இப்போது நடுத்தர வயதுக்காரர்களிடம் ஒரு புது மாதிரி ஊர் ஏக்கத்தைப் பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டியவர்கள் நாலு பேர் ஒரு விசேஷ வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியோ அங்கே போய்விடுகிறது. "ஆர்குட்ல போட்டோ போடுவோமே, ஞாபகம் இருக்கா?" "ஃப்ளிக்கர்னு ஒண்ணு இருந்துச்சே!" "இன்ஸ்டாகிராம் முதல்ல எவ்வளவு நல்லா இருந்துச்சு... இப்ப திறந்தாலே தலைவலி." இவர்கள் ஏங்குகிற ஊர் மண்ணில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதில் பாதித் தெருக்களை இடித்தே விட்டார்கள். ஹோஃபர் சொன்ன மருந்து இவர்களுக்குப் பலிக்காது. திரும்பிப் போக இடம் வேண்டுமே!

பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். "பன்னெண்டு போட்டோதான் போட முடியுமாமே, அதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்கிறார்கள். கிண்டல் செய்து ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கட்சி. மண் தின்னும் குழந்தையை டாக்டரிடம் கூட்டிப் போனால், அடித்துத் திருத்தச் சொல்ல மாட்டார். இரும்புச் சத்து குறைவாக இருக்கிறதா என்று ரத்தம் பார்ப்பார். உடம்பு எதையோ தேடுகிறது, தேடத் தெரியாமல் தேடுகிறது. அதே மாதிரிதான் இந்த ஏக்கமும். என்ன சத்து குறைகிறது என்று பார்க்க வேண்டாமா?

ஆர்குட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். 2004 ஜனவரியில் கூகுள் நிறுவனம் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த ஆர்குட் என்ற துருக்கி இன்ஜினீயரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பிறந்தது அமெரிக்காவில் என்றாலும் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது பிரேசில்காரர்களும் நாமும்தான். ஆரம்பத்தில் ஒருவர் பன்னிரண்டு போட்டோதான் போடலாம். பதின்மூன்றாவது படம் போட வேண்டுமா? ஏற்கெனவே உள்ளதில் ஒன்றை எடு. அவ்வளவுதான் சட்டம்.

இந்தச் சட்டம் என்ன செய்தது தெரியுமா? உட்கார்ந்து யோசிக்க வைத்தது. டிஜிட்டல் கேமராவில் எடுத்ததை கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு மாற்றி, வீட்டில் நெட் இல்லாதவர்கள் பென் டிரைவில் போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஒரு படம் ஏறுவதற்குள் நாலு தரம் கரண்ட் போகுமோ என்று பயந்து... இத்தனை பாடு இருந்ததால், எதைப் போடுவது என்பது ஒரு குடும்ப விவகாரமாகவே இருந்தது. ஊட்டிக்குப் போனதில் எது? தம்பி கல்யாணத்தில் எது? "அதுல நான் கண்ணை மூடியிருக்கேன், வேண்டாம்." "இதுல அப்பா சிரிக்கிறார், இதைப் போடு." தேர்ந்தெடுக்கும்போதே அந்த நாளை இன்னொரு தரம் வாழ்ந்துவிடுவோம். போட்டோவின் பலனில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். மீதி, பார்க்கிறவர் ஒரு வார்த்தை எழுதினால்.

இன்னொரு விஷயம். நம் பக்கத்துக்கு யார் யார் வந்து போனார்கள் என்பதை ஆர்குட் காட்டிக் கொடுத்துவிடும். வந்தவன் வந்தான் என்று தெரியும். "என் பேஜ் பக்கம் வந்தியே, ஏன் ஒண்ணுமே எழுதலை?" என்று சண்டைக்கே போனவர்கள் உண்டு. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே விருந்தாளி இருக்கிறார் என்று தெரியும். இன்றைக்கு ஊரே நம் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, ஒரு செருப்புகூடக் கண்ணில் படுவதில்லை.

ஃப்ளிக்கர் இன்னும் ஒரு படி நாகரிகமான ஆள். அதே 2004ல், பிப்ரவரியில், கனடாவின் வான்கூவர் நகரத்தில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட், கேட்டரினா ஃபேக் இருவரும் தொடங்கியது. உண்மையில் அவர்கள் செய்ய நினைத்தது இணையத்தில் ஆடும் ஒரு விளையாட்டு. அது கைகூடவில்லை. அதற்காகச் செய்து வைத்த படம் பகிரும் வசதி மட்டும் பிழைத்துக்கொண்டது! அடுத்த வருஷமே யாஹூ அதை வாங்கிவிட்டது. உள்ளே நுழைந்தால் ஒவ்வொரு தடவையும் உலகத்து மொழிகளில் ஏதாவது ஒன்றில் வணக்கம் சொல்லும். இன்றைக்கு எந்த ஆப் நமக்கு வணக்கம் சொல்கிறது? கதவைத் திறந்ததுமே விளம்பரம்தான்.

ஃப்ளிக்கரில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. ஒரு படத்தை ஏற்றும்போது அது கேட்கும்: இதை யார் பார்க்கலாம்? நீங்கள் மட்டுமா, நண்பர்களா, குடும்பமா, எல்லோருமா? 'குடும்பம்' என்று தனியாக ஒரு கட்டம். பிள்ளையைக் குளிப்பாட்டும் படமா, குடும்பத்துக்கு மட்டும். மொட்டைமாடியில் எடுத்த சூரிய அஸ்தமனமா, ஊருக்கே காட்டு. நடுக்கூடம் எது, பூஜை அறை எது என்று நம் வீடுகளில் ஒரு வரைமுறை இருக்கிறதல்லவா, அந்த மாதிரி. காசு கட்டாமல் சேர்ந்தவர்களுக்குக் கடைசியாகப் போட்ட 200 படங்கள்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கேயும் ஒரு எல்லை.

பக்கங்களுக்கும் எண் போட்டிருக்கும். 1, 2, 3, அடுத்த பக்கம் என்று. முடிந்தால் முடிந்தது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வைத்தியக் கண்ணோடு பார்த்தால் பெரிய விஷயம். கல்யாண ஆல்பத்தை விருந்தாளியின் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இவர்தான் பெரியப்பா, இது மாப்பிள்ளையோட தங்கச்சி" என்று புரட்டிக்கொண்டே போவோம். கடைசிப் பக்கம் வரும். ஸ்டூடியோக்காரர் பெயர் போட்ட அட்டை வரும். "சரி, சாப்பிட வாங்க" என்று எழுந்துவிடுவோம். அலுப்பும் வராது, ஏக்கமும் வராது. கடைசிப் பக்கம் என்பது கைக்குக் கிடைக்கிற ஓர் உத்தரவு. 'போதும், எழுந்திரு' என்கிற உத்தரவு. 2006ல் ஏசா ரஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பக்கத்துக்கு முடிவே இல்லாமல், விரலால் தள்ளத் தள்ளப் புதுசு புதுசாக வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். பிற்பாடு அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். என்ன பிரயோஜனம்? அதற்குள் உலகம் பூராவும் அந்த வழக்கத்துக்கு வந்துவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு 'இன்னும் ஒரே ஒரு நிமிஷம்' என்று படுக்கையில் புரண்டுகொண்டிருப்பவர்களைக் கேளுங்கள்.

இப்போது இன்ஸ்டாகிராமுக்கு வருவோம். 2010 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கெவின் சிஸ்ட்ரோம், மைக் கிரீகர் என்ற இரண்டு இளைஞர்கள் வெளியிட்டது. 2012 ஏப்ரல் வரை ஐபோன்காரர்களுக்கு மட்டும்தான். படம் என்றால் சதுரம், அவ்வளவுதான். பழைய ஃபிலிம் போட்டோ மாதிரி மஞ்சளும் பழுப்புமாக மாற்றிக் காட்டும் ஃபில்டர்கள். வேடிக்கையைப் பாருங்கள், பிறந்த அன்றைக்கே அது பழைய காலத்து ஏக்கத்தைத்தான் விற்றது! அதே 2012 ஜனவரியில், தலைமுறை தலைமுறையாக நமக்கு ஃபிலிம் ரோல் விற்ற கோடாக் நிறுவனம் திவாலாகி அமெரிக்கக் கோர்ட்டுக்குப் போனது. ஏப்ரலில் 13 பேர் மட்டுமே வேலை பார்த்த இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. ஒரே வருஷத்தில் இரண்டு செய்தி.

அந்த ஆரம்ப கால இன்ஸ்டாகிராமில் ஒரு நுணுக்கம் உண்டு. ஞாபகம் இருக்கிறதா பாருங்கள். உங்கள் படத்துக்குப் பத்து பேர் வரை லைக் போட்டால் படத்தின் கீழே அவர்கள் பெயர் வரிசையாக வரும். பதினொன்றாவது ஆள் போட்டதும் பெயர்கள் மறைந்துபோய் '11' என்று எண் மட்டும் நிற்கும். அந்தப் பதினொன்று வர வேண்டும் என்று அந்தக் காலத்துப் பிள்ளைகள் தவியாய்த் தவித்தார்கள். எண் வந்தால் கௌரவம். பெயர்களாகவே நின்றால் அவமானம்!

அந்த இடத்தில்தான் குறை ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன். சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, காலேஜ் சினேகிதி, ஆபீஸில் எதிர் ஸீட்டு அண்ணன் என்று முகம் தெரிந்த பத்துப் பேர் சேர்ந்து, முகமில்லாத ஓர் எண்ணாக மாறிய இடம். பெயருக்குப் பதில் சொல்லலாம், நன்றி சொல்லலாம், போன் பண்ணலாம். எண்ணை என்ன செய்ய முடியும்? இன்னொரு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முடியும். 'அவளுக்கு இருநூறு, எனக்கு நாற்பது' என்று. தன்னை அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மனுஷ சுபாவம் என்று 1954லேயே லியான் ஃபெஸ்டிங்கர் என்ற மனோதத்துவ அறிஞர் எழுதிவிட்டார். சுபாவம் புதுசில்லை. அதற்குத் தராசு வாங்கிக் கையில் கொடுத்ததுதான் புதுசு.

பிறகு வந்ததெல்லாம் அதன் தொடர்ச்சி. 2016 வரை, யார் கடைசியாகப் போட்டார்களோ அவர்கள் படம் மேலே வரும். தேதி வரிசை. அந்த வருஷம் அதை மாற்றினார்கள். எதை நீங்கள் அதிக நேரம் பார்ப்பீர்கள் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அதை முதலில் காட்ட ஆரம்பித்தது. ஆக, அத்தை வீட்டு வளைகாப்புப் படம் மூன்று நாள் கழித்து வருகிறது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் ஒட்டிய வயிறு முதலில் வருகிறது. 2022 ஜூலையில் 'இன்ஸ்டாகிராமைப் பழையபடி இன்ஸ்டாகிராமாக ஆக்குங்கள்' என்று ஒரு விண்ணப்பம் கிளம்பி, அமெரிக்கப் பிரபலங்கள்கூட அதைப் பரப்பினார்கள். அவர்கள் கேட்டது பெரிய வரம் ஒன்றுமில்லை. நண்பர்கள் போடும் அழகான போட்டோக்களைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்! அதற்குச் சில மாதங்கள் முன்பே, மார்ச்சில், தேதி வரிசையில் பார்க்கும் வசதியை ஓர் ஓரமாகத் திரும்பக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஆப்பைத் திறந்ததும் முதலில் வந்து நிற்பது அதுவல்லவே.

"எல்லாம் சரி, இதுல ஹெல்த் எங்கே வந்தது?" என்று கேட்பீர்கள். வந்துவிட்டது. 2017ல் பிரிட்டனின் பொதுச் சுகாதாரத்துக்கான ராயல் சொசைட்டி 14 முதல் 24 வயது வரையிலான 1,479 பேரிடம் விசாரித்தது. தூக்கம், பதற்றம், தனிமை, தன் உடம்பைப் பற்றிய எண்ணம் என்று பல கேள்விகள். ஐந்து சமூக வலைத்தளங்களில் கடைசி இடம் இன்ஸ்டாகிராமுக்கு. 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் அறிக்கைகளை வெளியிட்டது. தங்கள் உடம்பை நினைத்து வருத்தப்படும் டீன் ஏஜ் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தை அதிகமாக்கியதாகச் சொன்னார்கள் என்று அந்த நிறுவனமே செய்த ஆய்வில் இருந்தது. நூற்றுக்கு நூறு இதுதான் காரணம் என்று எல்லா விஞ்ஞானிகளும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே மனசு சரியில்லாத பிள்ளைதான் போனைக் கட்டிக்கொண்டு கிடக்கிறதா, போனால் மனசு கெடுகிறதா என்ற வாதம் ஓயவில்லை. ஆனாலும் 2023 மே மாதம் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் டாக்டர் விவேக் மூர்த்தி, பிள்ளைகளுக்கு இது போதிய அளவு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று எச்சரிக்கை விட்டார். 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் பதினாறு வயது நிரம்பாதவர்களுக்குச் சமூக வலைத்தளக் கணக்கே கூடாது என்று சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

பெரியவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். அலிக்ஸாண்ட்ரா பராஷ் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் சகாக்களும் 2018ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நம் வீட்டு விசேஷங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. தனக்காகவும் தன் ஞாபகத்துக்காகவும் போட்டோ எடுக்கிறவர்களைவிட, சமூக வலைத்தளத்தில் போடுவதற்காக எடுக்கிறவர்கள் அந்த நிகழ்ச்சியைக் குறைவாகத்தான் அனுபவிக்கிறார்களாம். 'பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க' என்ற எண்ணம் எடுக்கும்போதே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண் திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கைக்குழந்தையை ஊர் முன்னால் தூக்கிக் காட்டாதே என்று பாட்டிகள் சொன்னதில் ஒரு கணக்கு இருந்தது. அடுத்தவர் கண்ணால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பது இருக்கட்டும். அந்தக் கண்ணையே நினைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு என்ன ஆகும்?

அதற்காக அந்தக் காலத்தைச் சொர்க்கம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஏங்குகிற மனசு பொய்யும் சொல்லும். ஆர்குட்டில் பெண்கள் எத்தனை பேர் தங்கள் முகத்தைப் போட்டார்கள்? பாதிப் பேர் பக்கத்தில் ரோஜாப்பூவும், யார் வீட்டுக் குழந்தையோ, நடிகை படமோதான். படத்தைத் திருடிப் போலிக் கணக்கு தொடங்கி, ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்த கதைகள் அப்போதே எத்தனை! 'கவர்ச்சி' என்று ஒரு தலைப்பு வைத்து ஒருவருக்கொருவர் மார்க் போடும் வசதியும் அதில் இருந்தது. அதையெல்லாம் இப்போது ஏங்குகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். அப்புறம், இன்னொன்று. அப்போது நமக்கு வயசு இருபத்தி மூன்று. தொப்பை கிடையாது, வீட்டுக் கடன் தவணை கிடையாது. இந்த ஏக்கத்தில் ஒரு பங்கு அந்த வயசுக்குப் போய்ச் சேர வேண்டியது, ஆர்குட்டுக்கு அல்ல.

அந்தப் பங்கைக் கழித்தாலும் மீதி நிற்கிறது. யாருக்குக் காட்டுகிறோம் என்று தெரிந்திருந்தது. எத்தனை காட்டலாம் என்று அளவு இருந்தது. பார்த்து முடித்தோம் என்று ஒரு முடிவு இருந்தது. இந்த மூன்றுதான் குறைகிற சத்து. 2019 டிசம்பரில் பிரான்ஸில் 'பிரீயல்' என்று ஓர் ஆப் தொடங்கினார்கள். நாளைக்கு ஒரு தடவை, அது மணி அடிக்கும்போது, ஒப்பனை இல்லாமல் ஒரே ஒரு படம். 2022ல் இளைஞர்கள் அதில் போய் விழுந்தார்கள். பழைய ஆர்குட்டைப் பார்த்தேயிராத பிள்ளைகள்! ஆக, இது வயசானவர்களின் புலம்பல் மட்டுமில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அந்த மோகமும் நீடிக்கவில்லை, 2024ல் அதை ஒரு விளையாட்டுக் கம்பெனி வாங்கிவிட்டது. அளவோடு பார்த்துவிட்டு எழுந்து போகும் வாடிக்கையாளரால் விளம்பரக்காரருக்கு லாபம் இல்லை. பந்தியில் இரண்டு இட்லியோடு எழுந்து போகிறவரை வீட்டுக்காரர் கொண்டாடுவார், ஓட்டல்காரர் கொண்டாட மாட்டார். எனவே யாராவது பழையபடி செய்து தருவார்கள் என்று காத்திருப்பது வீண்.

ஏக்கத்தில் இன்னொரு வகை இருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்கு நிஜமான கவலை. ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடினார்கள். பிக்காசாவை 2016ல் நிறுத்தினார்கள். ஃபோட்டோபக்கெட் 2017ல், மற்ற இணையப் பக்கங்களில் படங்களைக் காட்ட வேண்டுமானால் வருஷத்துக்கு 399 டாலர் கட்டு என்றது. ஃப்ளிக்கரை 2018ல் ஸ்மக்மக் நிறுவனம் வாங்கி, இலவசக் கணக்குக்கு ஆயிரம் படம்தான் என்று வரம்பு போட்டது. ஒவ்வொரு தடவையும் முன்கூட்டி அறிவிப்பு வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. எந்த ஈமெயிலுக்கு வந்தது? காலேஜில் படிக்கும்போது விளையாட்டுப் பெயரில் தொடங்கிய, பாஸ்வேர்டு மறந்துபோன ஈமெயிலுக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அம்மா போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. மகள் ஒரு படத்தளத்தில் அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள் படங்களை ஏற்றிவிட்டு, 'பத்திரமா இருக்கு' என்ற நம்பிக்கையில் கேமரா கார்டை அழித்து வேறு உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டாள். வீட்டுக் கம்ப்யூட்டர் பழுதாகிக் காயலான் கடைக்குப் போயிற்று. தளத்தையும் ஒருநாள் மூடிவிட்டார்கள். அம்மா நீலப் பட்டில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. "அம்மா ரெண்டாவது தடவையும் போயிட்ட மாதிரி இருக்கு" என்றாள். இதற்கு மனோதத்துவம் தேவையில்லை, துக்கம் என்றே சொல்லலாம். 'நாஸ்டால்ஜியா' என்ற அழகான பெயருக்குள் இந்த மாதிரித் துக்கங்களும் ஒளிந்திருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான கொடுமையும் உண்டு. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் இணைய வடிவமைப்பாளர் ஃபேஸ்புக்கைத் திறந்தார். 'உங்கள் இந்த வருஷம் எப்படி இருந்தது பாருங்கள்' என்று பலூனும் ஆட்டமும் பாட்டுமாகப் படம் போட்ட சட்டத்துக்குள் அவர் மகள் முகம். அந்த வருஷம்தான் அந்தச் சிறுமி இறந்திருந்தாள். அவர் அதை எழுதிய பிறகு நிறுவனத்தின் தரப்பில் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் 'மூன்று வருஷத்துக்கு முன் இதே நாளில்' என்று போன் தானாகவே நினைவூட்டுவது இன்று எல்லோர் கையிலும் நடக்கிறது. எப்போது எதை நினைத்து அழ வேண்டும் என்பதையும் நாமா முடிவு செய்கிறோம்? பீரோவில் இருக்கும் ஆல்பம் தானாகத் திறந்துகொள்வதில்லை. நம் மனசு தாங்கும் நாளில் நாம்தான் எடுக்கிறோம்.

நான் சொல்வதெல்லாம், அந்த மூன்று சத்தையும் வீட்டிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்பதுதான். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழு எல்லோரிடமும் இருக்கிறது, 'காலை வணக்கம்' ரோஜாப்பூக்களால் நிரம்பி வழிகிறது. அதைவிட்டு, எட்டுப் பேரோ பத்துப் பேரோ மட்டும் உள்ள இன்னொரு குழுவை போட்டோவுக்கென்றே வைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்குப் பன்னிரண்டு, பொங்கலுக்குப் பன்னிரண்டு. எதை அனுப்புவது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். டீன் ஏஜ் பெண்ணாக இருந்தால் தன் படத்தைத் தானே தேர்ந்தெடுக்கட்டும், 'இது வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். படத்தைப் பார்த்தவர்கள் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போகாமல் ஒரு வரி எழுத வேண்டும் என்று வழக்கம் வையுங்கள். மாமனார் மாமியாருக்கு டைப் பண்ண வராது என்றால் குரலில் பேசி அனுப்பட்டும். அதைக் கேட்பது இன்னும் சுகம்.

அப்புறம் பழைய கணக்குகள். கூகுள் கணக்கை இரண்டு வருஷம் திறக்காமல் விட்டால், உள்ளே உள்ள படங்களோடு சேர்த்து நீக்கப்படலாம் என்று 2023 டிசம்பரில் இருந்து விதி இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கே போவதற்கு முன் தொடங்கிய கணக்கு, காலமான அப்பாவின் போனில் இருந்த கணக்கு, எதற்கெல்லாம் பாஸ்வேர்டு நினைவிருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். திறக்க முடிந்ததை எல்லாம் இறக்கி, ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒன்றும், வேறு ஊரில் உள்ள தம்பி வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். ரொம்ப முக்கியமானதைப் பிரின்ட் போட்டுவிடுங்கள். ஸ்டூடியோக்களில் இன்னமும் போட்டுக் கொடுக்கிறார்கள். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும். அதனால் தனித்தனிக் காகித உறையில், முதலில் உறையின் மேல் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதிவிட்டு, மை காய்ந்ததும் படத்தை உள்ளே வையுங்கள்.